பேசாலைக்கு வந்த துருவக் கடல்

மன்னாரில் பனிப்பாறை கிடையாது. இதைக் கண்டுபிடிக்க ஆணைக்குழு ஒன்றும் தேவையில்லை. ஆனாலும் 2007ஆம் ஆண்டு, பாலத்துக்கு அப்பால் பெருநிலத்தில் ஷெல் விழும் சத்தத்தில் தீவின் யன்னல்கள் எல்லாம் அதிர்ந்துகொண்டிருந்த காலத்தில், துருவக் கடல்களில் இயற்கையாகச் சேரும் இரும்பையும் அதனால் பெருகும் கடல்வளத்தையும் ஆராய்வதற்கென்று ஒரு ஆணைக்குழு மன்னார்ப் பட்டினத்தில் கந்தோர் திறந்தது. வெளிநாட்டு உதவி வந்திருந்தது. துருவத்துக்குப் போகக் கப்பல்தான் இல்லை. கப்பல் இல்லை என்பதற்காக வந்த உதவியைத் திருப்பி அனுப்பும் பழக்கம் கொழும்பில் யாருக்கும் கிடையாது. ஆகவே துருவக் கடலை நாட்டுக்குள்ளேயே தேடினார்கள். மன்னாரில் அகப்பட்டது.

எப்படி அகப்பட்டது என்பதைத் தலைவர் கலாநிதி சிவசுப்பிரமணியம் திறப்பு விழாவில் விளக்கினார். மனிதர் நல்ல மனிதர். எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர். எறும்பு விண்ணப்பத்தோடு வந்தால் மட்டும் நாளைக்கு வரச் சொல்வார்.

"துருவக் கடலில் மீனவர் தொழில் செய்வதில்லை. இங்கும் செய்வதில்லை. துருவக் கடலில் அனுமதியின்றி எவரும் இறங்க முடியாது. இங்கும் முடியாது. துருவக் கடலுக்குப் போனவர்களில் சிலர் திரும்பி வருவதில்லை. இந்த ஒரு விடயத்தில் நமது கடல் துருவத்தை எப்போதோ முந்திவிட்டது என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். குறைவது குளிர் ஒன்றுதான். அதற்கும் ஏற்பாடு செய்திருக்கிறோம்."

ஏற்பாடு என்றது ஒரு ஜெனரேட்டரையும் குளிரூட்டிகளையும். பட்டினத்தில் பாதி நாள் மின்சாரம் இல்லாதபோதும் அந்தக் கந்தோருக்குள் பல் கிடுகிடுத்தது. உத்தியோகத்தர்கள் எல்லோரும் கம்பளிக் கோட்டு அணிய வேண்டும் என்பது விதி. வெளியே தேநீர் குடிக்கப் போகும்போதும் கழற்றக் கூடாது. நடுப்பகல் வெயிலில் கோட்டும் கையுமாக அவர்கள் கடைத்தெருவால் போவதைப் பார்த்து, எதற்குமே வழி விடாத மன்னார்க் கழுதைகள்கூட ஒதுங்கி நின்றன.

பேசாலையைச் சேர்ந்த எடித் அந்தக் கந்தோருக்குப் போனது ஒரு பிழையால். மன்னாரில் அந்த நாட்களில் எந்தப் பெண்ணும் செய்திருக்கக்கூடிய பிழை அது. ஆணைக்குழு என்றால் காணாமற்போனவர்களுக்கானது. வேறெதற்கு ஆணைக்குழு போடுவார்கள்? வாசலில் முன்னமே நாலைந்து பெண்கள் மடியில் படங்களை வைத்துக்கொண்டு குந்தியிருந்தார்கள். ஆகவே அவளும் பெயர்ப்பலகையை வாசிக்காமலே வரிசையில் சேர்ந்து குந்தினாள். பலகையை வாசித்த பெண்களும் எழுந்து போகவில்லை. இரும்போ தகரமோ, கேட்க ஒரு ஆள் இருந்தால் போதும் என்ற நிலை அவர்களுக்கு.

அவளுடைய புருஷன் முந்தின வருடம் சோளகக் காற்று ஓய்ந்த கையோடு பேசாலைக் கரையிலிருந்து மூன்றரைத் தொன் படகில் தொழிலுக்குப் போனவன். பெரிய பார் என்று சொல்லும் மீன்பாடுள்ள இடத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது, பிறகு சத்தம் கேட்டது என்று பின்னால் வந்த படகுக்காரர்கள் சொன்னார்கள். யார் சுட்டது என்று அவர்கள் சொல்லவில்லை. அது யாரும் யாரிடமும் கேட்காத கேள்வி. கூடப் போன இரண்டு பேரும் கரையில் ஒதுங்கினார்கள். அவன் ஒதுங்கவில்லை.

அவளை உள்ளே கூப்பிட்டபோது குளிர் முகத்தில் அறைந்தது. நீண்ட மேசைக்குப் பின்னால் கோட்டுகளுக்குள் நாலு பேர் இருந்தார்கள். சுவரில் ஒரு பெரிய பனிப்பாறை தொங்கியது. ஓரத்தில் ஒலிப்பதிவுக் கருவியோடு வஸீர் என்ற இளம் உத்தியோகத்தன் இருந்தான். எருக்கலம்பிட்டியில் பிறந்து, தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை எல்லாம் தீவைவிட்டுப் போகச் சொன்னபோது தகப்பனின் தோளில் இருந்தபடி புத்தளத்துக்குப் போனவன். இப்போது உத்தியோகத்தின் பேரில் சொந்த ஊருக்கு விருந்தாளியாக வந்திருந்தான்.

"கணவரின் பெயர்?" என்று தலைவர் கேட்டார்.

எடித் படத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதியிருந்ததைக் காட்டினாள். எல்லா ஆணைக்குழுக்களிலும் அவள் அப்படித்தான் செய்தாள். கட்டின நாள் முதல் அவனுடைய பெயரை வாயால் சொன்னதில்லை. "இஞ்சேருங்கோ" என்றால் திரும்பிப் பார்க்கிற ஒருவனுக்குப் பெயர் எதற்கு?

"லோறன்ஸ்," என்று வஸீர் வாசித்தான்.

"எங்கட மூன்றரைத் தொன் படகு, ஐயா. பெரிய பாருக்குப் பக்கத்தில கடலுக்கடியில தாண்டு போச்சு. நீலக் கோடு போட்ட சேட்டு உடுத்தியிருந்தவர். இடது காலில ஒரு தழும்பு..."

இதெல்லாம் அவளுக்குச் செபம்போலப் பாடமாக இருந்தது. தலைவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"தழும்பு வேண்டாம். படகில் எவ்வளவு இரும்பு இருந்தது?"

எடித் திகைத்துப் போனாள். இதுவரை எந்த ஆணைக்குழுவும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

"எஞ்சின் இரும்புதான், ஐயா. நங்கூரம் இரும்பு. வலைப் பலகைக்கு அடிச்ச தகடும் இரும்பு."

நாலு கோட்டுகளும் ஒன்றாக நிமிர்ந்தன. ஒருவர் எழும்பியே விட்டார். அவள் சொன்னதைக் கேட்டு ஒரு ஆணைக்குழு கதிரையை விட்டு எழும்பியது அதுதான் முதற்தடவை. இவர்கள் தேடுவார்கள் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை வந்தது. பாவம், அவளைக் குறை சொல்ல முடியாது.

தலைவர் ஒரு படத்தை மேசையில் விரித்தார். வானத்திலிருந்து எடுத்தது. நீலக் கடலின் நடுவில், பெரிய பார் இருக்கும் இடத்தில், பாசி பிடித்த கிணறுபோல ஒரு பச்சை வட்டம் இருந்தது.

"துருவக் கடலில் உயிர் வளர எல்லாம் இருக்கிறது, அம்மா. இரும்பு மட்டும் இல்லை. உருகும் பனிப்பாறையிலிருந்தோ, தீவுகளின் கற்களிலிருந்தோ, காற்றில் வரும் தூசியிலிருந்தோ சிறிது இரும்பு கரைந்தால் போதும். கண்ணுக்குத் தெரியாத பாசிகள் பெருகும். பாசியைத் தின்னக் கூனி இறால்கள் வரும். கூனியைத் தின்னத் திமிங்கிலம் வரும். சுருங்கச் சொன்னால், கடலில் எங்கே இரும்பு விழுகிறதோ அங்கே உயிர் பெருகுகிறது."

எடித்துக்குத் தெரிந்தது வேறு. அவள் அறிந்த வரையில் கடலில் இரும்பு விழுந்த இடத்தில் உயிர் போகும். அவள் பச்சை வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவர் உதுக்குள்ளதான் கிடக்கிறாரே, ஐயா?"

"அதுதான் பிரச்சினை," என்றார் தலைவர் மிகுந்த துயரத்தோடு. "எங்களுக்கு உதவி வருவது இயற்கையான இரும்புக்கு. மனிதர் கொண்டுபோய்ப் போட்ட இரும்பு சர்வதேச விதிகளுக்கு விரோதம். உங்கள் கணவர் அந்த இடத்தில் மூழ்கியிருந்தால் அந்த இரும்பு செயற்கை. செயற்கை என்றால் இந்தக் கந்தோரை மூட வேண்டும். இத்தனை பேரின் உத்தியோகம், அம்மா. அவர் வேறெங்காவது மூழ்கியிருக்க வாய்ப்பில்லையா?"

உப தலைவர் ஒரு சட்டத்தரணி. அவர்தான் வழி கண்டார். "இயற்கை என்றால் என்ன?" என்று கோட்டின் கழுத்தை இழுத்து விட்டுக்கொண்டு தொடங்கினார். "மழைக்கு யாராவது பொறுப்பேற்கிறார்களா? சூறாவளிக்கு? இல்லை. ஆகவே எவரும் பொறுப்பேற்காத எல்லாமே இயற்கை. இந்தப் பெண்ணின் கணவரின் படகை நோக்கி வந்த இரும்புக்கு இன்றுவரை எவராவது பொறுப்பேற்றிருக்கிறார்களா? இல்லை. இருபது வருடமாக இந்தக் கரையில் வாரம் தவறாமல் நடப்பதை இயற்கை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?"

மற்றவர்கள் மேசையைத் தட்டினார்கள். வஸீர் கருவியைப் பார்த்தபடி இருந்தான்.

அடுத்த வாரம் பெரிய பாரில் ஒரு வைபவம் நடக்கும், கரையோர மக்களின் பிரதிநிதியாக எடித் வந்து அந்த இரும்பு இயற்கையானதுதான் என்று ஒலிவாங்கியில் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார் தலைவர்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "அந்த இடத்துக்குக் கொண்டுபோவீங்களே, ஐயா? நான் அவரைக் கூப்பிட வேணும்."

பேசாலையில் அப்படி ஒரு வழக்கம். கடலில் போனவனின் உடல் கரைக்கு வராவிட்டால், பெண்சாதி அந்த இடத்துக்குப் போய் அவனுடைய பெயரைச் சொல்லி மூன்று தரம் கூப்பிட வேண்டும். அவள் தன் வாழ்நாளில் புருஷனின் பெயரைச் சொல்வது அந்த ஒரு முறைதான். மூன்று தரமும் மறுமொழி வராவிட்டால் அவன் இறந்தவன். பிறகுதான் மாதா கோயிலில் அவனுக்குப் பூசை. அதுவரை அந்தக் கடல் கட்டின கடல். எவனும் அங்கே வலை போட மாட்டான். கரையிலிருந்த படைமுகாம்காரர் கடலில் இறங்கப் பாஸ் கொடுக்காததால் எடித்துக்கு இன்னும் கூப்பிடக் கிடைக்கவில்லை. அதனால் லோறன்ஸ் உயிரோடும் இல்லை, செத்தும் இல்லை. பெரிய பாரை நம்பிப் பிழைத்த மீன்பிடி வாடிகள் எல்லாம், பாஸ் கிடைக்கிற ஓரிரு நாளிலும், அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போய் வெறும் வலையோடு திரும்பின.

தலைவருக்கு இதைக் கேட்டு மெய்சிலிர்த்தது. "அருமை! சம்பந்தப்பட்ட தரப்பை நேரில் அழைத்து, ஆட்சேபனை உண்டா என்று கேட்பது. இது எங்கள் விதிமுறையிலேயே இருக்கிறது. ஆனால் அம்மா, விசாரணை அழைப்பைத் தனியாள் விடுக்க முடியாது. தலைவர்தான் அழைக்க வேண்டும். நீங்கள் பக்கத்தில் நிற்கலாம்."

"பெண்சாதிதான் கூப்பிட வேணும், ஐயா."

"வேண்டுமானால் மூன்றாவது அழைப்பை உங்களுக்குத் தருகிறோம்," என்றார் தலைவர். தாராள மனதுக்காரர்.

வீட்டில் மாமியார் செபஸ்தியம்மா இதைக் கேட்டுவிட்டு உலை வைத்த அடுப்பை அணைத்துவிட்டாள்.

"போகாதை. கூப்பிடாதை. கூப்பிடாத வரைக்கும் அவன் எங்கையோ இருக்கிறான். இராமேஸ்வரத்தில இருக்கிறான், சிறையில இருக்கிறான். நீ கூப்பிட்ட உடனதான் அவன் சாவான். என்ர பிள்ளையைக் கொல்லப் போறியே?"

"மாமி, ஊரே பட்டினி கிடக்குது எங்களால."

"ஊர் கிடக்கட்டும்."

எடித் அணைந்த அடுப்பைத் திரும்ப மூட்டினாள். மாமியார் சொன்னதைத்தான் அவளுடைய மனமும் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. கூப்பிடப் பயம். கூப்பிடாமல் இருக்கவும் பயம். சில நாட்களில் கிணற்றடியில் நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் ஈர உடுப்போடு யாரோ நிற்பது போலிருக்கும். திரும்ப மாட்டாள். திரும்பினால் இருக்கமாட்டான் என்று தெரியும். திரும்பாத வரைக்கும் நிற்பானே.

வைபவத்தன்று காலை, கோட்டுகள் எல்லாம் ஒரு பெரிய படகில் ஏறின. வெயில் மண்டையைப் பிளந்தது. உப தலைவருக்கு இரண்டு தரம் மயக்கம் வந்தது. ஆனால் விதி விதிதான் என்று கோட்டைக் கழற்ற மறுத்துவிட்டார். துருவத்தில் ஐஸ் இருக்க வேண்டும் என்பதற்காக, பேசாலை வாடியில் மீனுக்கு வைத்திருந்த கடைசி ஐஸ்கட்டிகளை வாங்கிவந்து கடலில் உருட்டிவிட்டார்கள். தலைவர் அவற்றைப் பார்த்து, "பனிப்பாறை உருகும்போது எவ்வளவு இரும்பு வெளியேறுகிறது என்று கவனியுங்கள்," என்றார். கவனிப்பதற்குள் உருகிவிட்டது. அதுவும் பதிவு செய்யப்பட்டது.

பெரிய பாரை நெருங்கியதும் தண்ணீரின் நிறம் மாறியது. எடித் படகின் விளிம்பைப் பிடித்தபடி குனிந்து பார்த்தாள். உண்மையாகவே பச்சை. அதற்குள் மீன் குவிந்து கிடந்தது. ஒரு வருடமாக வலையே காணாத மீன். பாரை மீனும் விளை மீனும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, மனிதருக்குப் பயமில்லாமல் மேலே வந்து வாயைத் திறந்தன. கொழுத்த மீன்கள். அவள் விளிம்பிலிருந்து கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பார்வையை மட்டும் எடுக்க முடியவில்லை.

"பார்த்தீர்களா!" தலைவரின் குரல் தழுதழுத்தது. "இதைத்தான் கடலின் உற்பத்தித்திறன் என்கிறோம். இருபது வருட காலமாக இந்தக் கடலுக்கு நாட்டின் எல்லாத் தரப்பினரும் இரும்பைத் தாராளமாக வழங்கி வந்திருக்கிறார்கள். எவரும் அதற்குப் பெயரோ புகழோ கோரவில்லை. இப்படிப்பட்ட தன்னடக்கத்தை உலகில் வேறெங்கே காண்பீர்கள்?"

படகின் எஞ்சினை நிறுத்தச் சொன்னார்கள். வஸீர் ஒரு ஒலிவாங்கியைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கிவிட்டு, காதில் கருவியை மாட்டிக்கொண்டான். ஆட்சேபனை கீழிருந்துதானே வர வேண்டும்.

தலைவர் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார்.

"பேசாலையைச் சேர்ந்த திரு. லோறன்ஸ் அவர்களே! இங்குள்ள இரும்பு இயற்கையானது என்று பிரகடனம் செய்யப் போகிறோம். தங்களுக்கு ஆட்சேபனை இருந்தால் இப்போதே தெரிவிக்கலாம்."

காத்திருந்தார்கள். படகின் வயிற்றில் தண்ணீர் தட்டியது. உப தலைவர் மணிக்கூட்டைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"பேசாலையைச் சேர்ந்த திரு. லோறன்ஸ் அவர்களே! இரண்டாவது அழைப்பு."

மீன்கள்கூட அசையாமல் நின்றது போலிருந்தது. கோட்டுக்காரர்களில் ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டதை எடித் கண்டாள். அவர் கிறிஸ்தவரும் அல்ல.

மூன்றாவது அழைப்புக்கு ஒலிபெருக்கியை அவளிடம் நீட்டினார்கள். அவள் வாங்கவில்லை. விளிம்பில் முழங்காலில் நின்று, முகம் தண்ணீரைத் தொடுமளவுக்குக் குனிந்தாள். கிட்ட இருக்கிற ஆளைக் கத்திக் கூப்பிடுவார்களா? அந்தப் பெயரைச் சொல்லி அவளுடைய நாக்குக்குப் பழக்கமில்லை.

"லோறன்ஸ்," என்றாள். மெல்லத்தான் சொன்னாள். "லோறன்ஸ், நான் வந்திருக்கிறன்."

அந்தப் பெயர் அவ்வளவு அழகான பெயர் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருடமும் சொல்லாமல் இருந்துவிட்டாள். பச்சைத் தண்ணீர் அவளுடைய முகத்தைத்தான் திருப்பிக் காட்டியது. அதற்குக் கீழே இருட்டு. இருட்டுக்குள் ஏதோ அசைந்த மாதிரியும் இருந்தது, அசையாத மாதிரியும் இருந்தது.

"ஆட்சேபனை எதுவும் வரவில்லை," என்று அறிவித்தார் உப தலைவர். "எழுதிக்கொள்ளுங்கள். சம்பந்தப்பட்ட தரப்பு மௌனத்தின் மூலம் சம்மதம் தெரிவித்துள்ளது."

கை தட்டினார்கள். பிரதிநிதி ஒலிவாங்கியில் சொல்ல வேண்டிய வார்த்தையை யாரும் பிறகு கேட்கவில்லை. கீழிருந்தே சம்மதம் கிடைத்த பிறகு மேலிருப்பவள் எதற்கு? எடித் விளிம்பை விட்டு எழும்பாமலே வஸீரின் முகத்தைப் பார்த்தாள். எல்லோரும் கைதட்டி முடித்த பின்பும் அவன் காதிலிருந்து கருவியைக் கழற்றவில்லை. உதடு வெளுத்திருந்தது.

"என்ன தம்பி கேட்டது?"

அவன் கழற்றி மடியில் வைத்தான். "தண்ணிதான், அக்கா. தண்ணிச் சத்தம்."

"உண்மையாவோ?"

"ஓம், அக்கா," என்றான். அவளைப் பார்த்துச் சொல்லவில்லை.

பிறகு விருந்து. அந்த இடத்திலேயே வலையைப் போட்டு, அள்ளிய மீனைப் படகிலேயே பொரித்தார்கள். இயற்கை இரும்புச்சத்து நிறைந்தது என்று தலைவரே ஒரு தட்டைக் கொண்டுவந்து எடித்தின் முன்னால் நீட்டினார். "உங்களுக்குத்தான் முதல் உரிமை, அம்மா," என்றார். அதில் ஒரு துளி கேலியும் இல்லை. மனதார மரியாதை செய்தார். அவள் தட்டைக் கையால் தொடாமல் தலையைத் திருப்பிக்கொண்டாள். வஸீரும் சாப்பிடவில்லை. மற்றவர்கள் கோட்டுக் கையில் எண்ணெய் படாமல் கவனமாகச் சாப்பிட்டார்கள். முள்ளைக் கடலிலேயே துப்பினார்கள்.

கரையில் செபஸ்தியம்மா நின்றாள். கூப்பிடாதே என்றவள், விடியற்காலையிலிருந்து தண்ணீருக்குள் முழங்காலளவு இறங்கி அங்கேயே நின்றிருந்தாள்.

"மறுமொழி சொன்னவனே?"

"இல்லை, மாமி."

"நீ என்னத்தைக் கண்டாய்? அவன் சின்னனிலயிருந்து வாய்க்குள்ளதான் கதைக்கிறவன். நாலு தரம் கேட்டால்தான் விளங்கும். அவன்ர குரல் எனக்குத்தான் தெரியும். உவையள் கருவியில பிடிச்சு வச்சிருக்கிறதைக் கேட்டு வாங்கிக் கொண்டா. நான் கேட்டாப் பிறகுதான் பூசை. நான் சொல்லாமல் சுவாமியார் மணி அடிக்கக் கூடாது."

ஊரில் ஒருவரும் அவளை எதிர்த்துப் பேசவில்லை. பாஸ் கிடைத்தவர்களும் பெரிய பார்ப் பக்கம் போகவில்லை. எல்லோரும் செபஸ்தியம்மாவின் காதுக்காகக் காத்திருந்தார்கள்.

எடித் மறுபடியும் அந்தக் கந்தோருக்குப் போனாள். வாசலில் படங்களோடு பெண்கள் கூடியிருந்தார்கள். ஒரு ஆணைக்குழு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறதாம் என்ற கதை முள்ளிக்குளம் வரைக்கும் போயிருந்தது. தலைவர் அவளை உடனே உள்ளே அழைத்தார். அறிக்கை வெளிநாட்டுக்குப் போய்விட்டது, அங்கே பெரிய வரவேற்பு, ஆணைக்குழுவின் ஆயுள் மேலும் நீடிக்கப்பட்டிருக்கிறது என்று மகிழ்ச்சியோடு சொன்னார்.

"ஐயா, அண்டைக்குப் பிடிச்ச பதிவை ஒருக்கால் மாமி கேட்க வேணுமாம். நாங்கள் அதைக் கொண்டுபோக மாட்டம். இதிலயே இருந்து கேட்டிட்டுப் போவம்."

"அதில் ஒன்றும் இல்லையே, அம்மா. வெறும் மௌனம்."

"அதைத்தான், ஐயா."

தலைவர் கோட்டின் பொத்தானைத் தடவியபடி யோசித்தார். உதவி செய்ய வேண்டும் என்ற ஆசை அவருடைய முகத்தில் தெரிந்தது.

"அதற்கு வழியில்லை, அம்மா. இந்த ஆராய்ச்சியில் எங்களுக்குக் கிடைத்த பிரதானமான சான்று அந்த மௌனம்தான். அது இப்போது ஆணைக்குழுவின் சொத்து. பொதுமக்களுக்குக் கொடுக்க முடியாது."

வஸீர் எதையோ சொல்ல வாயெடுத்து, தலைவரைப் பார்த்துவிட்டு, மேசைக்குக் குனிந்துகொண்டான். குளிரூட்டி இரைந்தது. எடித் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு கதவடிக்குப் போனாள்.

"சரி ஐயா, அது உங்களிட்டயே இருக்கட்டும்," என்றாள். "எங்களுக்கு வீட்டில கிடக்கிறதே போதும்."